எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

காரை சர்வீஸுக்கு விடும் நாள் அநேகமாக எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் போகிறது. காலையில் சாவியைக் கொடுக்கிறோம், செய்ய வேண்டிய வேலைகளை எழுதும் ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுகிறோம். எவ்வளவு ஆகும் என்று கேட்டால் ஒரு தொகை சொல்கிறார்கள். நாம் வேலைக்குப் போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் போன் வருகிறது. "சார், பிரேக் பேட் தேய்ஞ்சிருக்கு. த்ராட்டில் பாடி அழுக்கா இருக்கு, கிளீன் பண்ணிடலாம். இன்ஜின் ஃப்ளஷ் போட்டுட்டா வண்டிக்கு நல்லது. அப்படியே ஏசிக்கும் ஒரு டிரீட்மென்ட் பண்ணிடலாமா?" நமக்கு ஆயிரம் வேலை. "சரி, பண்ணிடுங்க" என்று சொல்லிவிடுகிறோம். சாயங்காலம் பில்லைப் பார்த்தால், காலையில் சொன்ன தொகை எங்கே, இது எங்கே என்று இருக்கிறது.

அந்த "சரி"யைச் சொல்வதற்கு முன்னால் என்ன கேட்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பட்டறையிலும் சர்வீஸ் சென்டரிலும் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால் அந்தக் கவுண்டரின் உட்பக்கம் எனக்குப் பழக்கம்.

போன் செய்தாரே, அந்த சர்வீஸ் அட்வைசர், அவரைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை. பல இடங்களில் அவருக்கு மாதா மாதம் டார்கெட் உண்டு. ஒரு காருக்குச் சராசரியாக எவ்வளவு பில் போட வேண்டும், எத்தனை ஏசி டிரீட்மென்ட் விற்க வேண்டும், ஆயிலிலோ பெட்ரோலிலோ கலக்கும் அடிட்டிவ் எத்தனை டப்பா போக வேண்டும் என்று கணக்கு வைத்திருப்பார்கள். அவருடைய இன்சென்டிவ் அந்தக் கணக்கைப் பொறுத்துத்தான் வரும். அதற்கும் மேலே இன்னொரு கணக்கு இருக்கிறது. புதுக் கார் விற்பதில் டீலருக்கு நிற்கும் லாப விகிதம் குறைவு. சர்வீஸிலும் ஸ்பேர் பார்ட்ஸிலும்தான் அந்த விகிதம் பெரிது. பளபளப்பான ஷோரூமின் செலவில் பெரும்பங்கைப் பின்பக்கப் பட்டறைதான் தாங்குகிறது.

இந்த மாதிரி டார்கெட் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, நன்றாகப் பதிவான ஒரு உதாரணம் உண்டு. அமெரிக்காவில் சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனம் கார் சர்வீஸ் மையங்களும் நடத்தி வந்தது. 1990ஐ ஒட்டிய வருடங்களில் அங்கே அட்வைசர்களுக்குக் கமிஷன், கோட்டா என்று கொண்டுவந்தார்கள். ஒரு ஷிஃப்டில் இத்தனை அலைன்மென்ட் விற்க வேண்டும், இத்தனை ஸ்பிரிங் விற்க வேண்டும் என்ற கணக்கு. புகார்கள் குவிந்தன. கலிஃபோர்னியா மாநில நுகர்வோர் துறை தன் ஆட்களையே வாடிக்கையாளர்போலக் காருடன் அனுப்பிப் பார்த்தது. அந்தக் கார்களில் பிரேக் மட்டும் தேய்ந்திருந்தது, வேறு எந்தக் கோளாறும் இல்லை. 38 தடவை அனுப்பினார்கள். 34 தடவை தேவையில்லாத வேலை பில்லில் ஏறியது. 1992 ஜூனில் விஷயம் வெளியே வந்தது. அந்த மாதமே நிறுவனத்தின் தலைவர் அந்தக் கமிஷன் முறையை நிறுத்துவதாக அறிவித்தார். அவ்வளவு பேரும் பிறவியிலேயே ஏமாற்றுக்காரர்களாக இருக்க முடியாது. விற்றால்தான் சம்பளம் என்று ஆனதும் கை தானாக அந்தப் பக்கம் போய்விட்டது.

சரி, நமக்கு இது ஏன் பிடிபடுவதில்லை? 1973இல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதை விளக்கினார்கள். சில சேவைகள் இருக்கின்றன. அவற்றை வாங்கி அனுபவித்த பிறகும், அது நமக்குத் தேவையாக இருந்ததா என்று நம்மால் சொல்ல முடியாது. கார் ரிப்பேரையும் அவர்கள் அதற்கு உதாரணமாகக் காட்டினார்கள். பிரேக் பேட் மாற்றிய பிறகு வண்டி நன்றாக நிற்கிறது. மாற்றாமல் இருந்தாலும் அதேபோல் நின்றிருக்குமா? நமக்குத் தெரிய வழியே இல்லை. விற்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த இடைவெளியை அடைக்க ஒரே ஒரு கேள்வி போதும் என்பது என் அனுபவம். அளவு எவ்வளவு?

பிரேக் பேடையே எடுத்துக்கொள்வோம். சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே டிஸ்க் தெரியும். அதை இரண்டு பக்கமும் கவ்விக்கொண்டு கேலிப்பர் இருக்கும். கேலிப்பருக்குள் டிஸ்க்கின் ஆளுக்கொரு பக்கமாக இரண்டு பேட். ஒவ்வொரு பேடிலும் பின்னால் ஒரு இரும்புத் தகடு, அதன்மேல் தேய்வதற்கென்றே ஒட்டிய உராய்வுப் பொருள். முன்சக்கரங்களில் அது புதிதாக இருக்கும்போது பொதுவாக 10 முதல் 12 மில்லிமீட்டர் கனம் இருக்கும். தேய்ந்து தேய்ந்து 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிடுவது பட்டறைகளில் பொதுவான பழக்கம். உங்கள் காருக்கான சரியான எல்லையைக் கார் நிறுவனமே வகுத்து வைத்திருக்கும். இப்போது "பிரேக் பேட் தேய்ஞ்சிருக்கு" என்ற வார்த்தையை யோசித்துப் பாருங்கள். வண்டி ஓடினால் பேட் தேயத்தானே செய்யும்? 7 மில்லிமீட்டர் இருப்பதும் தேய்ந்த பேட்தான், 3 இருப்பதும் தேய்ந்த பேட்தான். ஆனால் 7 இருப்பதைக் கழற்றி எறிந்தால், அந்த பேடின் ஆயுளில் ஏறக்குறைய பாதி வீணாகும்.

அதனால் போனிலேயே கேளுங்கள். "எத்தனை மில்லிமீட்டர் இருக்கு? ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க." உட்பக்க பேட் சில கார்களில் வெளிப்பக்கத்தைவிடச் சீக்கிரம் தேயும், அதனால் இரண்டையும் அளக்கச் சொல்லுங்கள். நிஜமாகவே அளந்திருந்தால் அட்வைசர் அரை நிமிடத்தில் பதில் சொல்வார். அளக்கவில்லை என்றால் "பார்த்துட்டுக் கூப்பிடுறேன் சார்" என்பார். அப்புறம் பல நேரம் அந்த பிரேக் பேட் வேலை எஸ்டிமேட்டிலிருந்து தானாகப் போய்விடும். இதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

மற்றவற்றுக்கும் இப்படி அளவு உண்டு. டயரின் பள்ளங்களுக்குள் சின்ன மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான் என்று அர்த்தம், பல நாடுகளில் சட்டம் அனுமதிக்கும் எல்லை அது. நல்ல பேட்டரி, வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். பேட்டரிக்குச் சுமை கொடுத்துப் பார்க்கும் லோடு டெஸ்ட் செய்து அந்த ரிசல்ட்டைக் காட்டச் சொல்லலாம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. ஈரம் ஏறினால் அதன் கொதிநிலை இறங்கும், உள்ளே கொதித்துவிட்டால் பிரேக் சரியாகப் பிடிக்காது. டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு தரநிலை எதிர்பார்ப்பது 155 டிகிரி. ஆகவே பல கார் நிறுவனங்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொன்னால் ஈரத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள், அதற்கென்று கையடக்கக் கருவியே இருக்கிறது.

இன்ஜின் ஆயிலில் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். உங்கள் இன்ஜின் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று மேனுவலில் போட்டிருக்கும். 3.5 லிட்டர் பிடிக்கும் இன்ஜினுக்கு 4 லிட்டர் பில் போட்டிருந்தால், மிச்ச ஆயில் உங்களுடையது. கேட்டு வாங்கலாம்.

அளவே இல்லாத சில வேலைகள் இருக்கின்றன, அங்கேதான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இன்ஜின் ஃப்ளஷ் என்று இன்ஜினின் உள்பக்கத்தைத் திரவம் ஊற்றிக் கழுவுவது, அடிட்டிவ், டயருக்கு நைட்ரஜன், ஏசி டிரீட்மென்ட், இப்படி. போட்டதால் என்ன மாறியது என்று கேட்டால் "ஸ்மூத்தா இருக்கும் சார்" என்பதற்கு மேல் பதில் வராது. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். சரியான ஆயிலை சரியான நேரத்தில் மாற்றி வந்த இன்ஜினுக்கு ஃப்ளஷ் எதற்கு? பெரும்பாலான கார்களின் சர்வீஸ் அட்டவணையில் அது கிடையவே கிடையாது. ஏசி கேஸ் விஷயம் இன்னும் மோசம். அது மூடிய குழாய்களுக்குள் சுற்றி வருகிற கேஸ். பெட்ரோல்போல எரிந்து தீர்ந்துபோகாது. வருடா வருடம் டாப்-அப் தேவைப்படுகிறது என்றால் எங்கோ லீக் இருக்கிறது. லீக்கைக் கண்டுபிடிக்காமல் கேஸை மட்டும் நிரப்பினால் அடுத்த வருடமும் அதே வேலைக்குப் பணம் கட்டுவீர்கள்.

என் தங்கை ஒருமுறை எஸ்டிமேட்டைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, "அண்ணா, இதெல்லாம் நிஜமா வேணுமா?" என்று கேட்டாள். மேனுவலில் கடைசிப் பக்கங்களுக்குப் போ, பராமரிப்பு அட்டவணை இருக்கும், உன் வண்டி ஓடியிருக்கும் கிலோமீட்டருக்கு நேராக என்ன போட்டிருக்கிறது என்று படி என்றேன். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏசி கேபின் ஃபில்டர், பொதுப் பரிசோதனை. அவ்வளவுதான். எஸ்டிமேட்டில் அதைப்போல மூன்று மடங்கு வேலைகள் இருந்தன. அதில் என்னை உறுத்தியது "பிரேக் செக்கிங்" என்று தனியாகப் போட்டிருந்த லேபர் சார்ஜ். பிரேக்கைப் பார்ப்பது பொதுப் பரிசோதனைக்குள்ளேயே அடங்கும், அதற்கான லேபரும் மேலேயே ஏறியிருந்தது. ஒரே வேலைக்கு இரண்டு பில். அவள் அதைச் சுட்டிக் காட்டியதும் மறுபேச்சு இல்லாமல் எடுத்துவிட்டார்கள். இப்படிச் சுட்டிக் காட்டத் தெரியாத எத்தனை பேர் அந்தத் தொகையைக் கட்டிவிட்டுப் போகிறார்கள் என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

"வேண்டாம்னு சொன்னா வாரண்டி போயிடும் சார்" என்று சொல்வார்கள். பலர் இதற்குப் பயந்துதான் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்கள். வாரண்டி கேட்பது அந்த அட்டவணையில் உள்ள வேலைகளை மட்டும்தான். அதில் இல்லாத ஃப்ளஷை மறுத்ததற்காக வாரண்டியை ரத்து செய்ய முடியாது. அமெரிக்காவில் 1975இல் வந்த வாரண்டிச் சட்டப்படி, எங்கள் பிராண்ட் பார்ட்டையே, எங்கள் சர்வீஸையே காசு கொடுத்து வாங்கினால்தான் வாரண்டி என்று நிபந்தனை போடுவதற்குத் தடை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2010இல் வந்த விதிகள் வெளிப் பட்டறைகளுக்கு அதே திசையில் வழிவிட்டன. இந்தியாவில் 2014 ஆகஸ்டில், வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தது, ஸ்பேர் பார்ட்ஸை வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பதற்காக. உங்கள் வாரண்டிப் புத்தகத்தில் உள்ள நிபந்தனைகளை ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள், அப்புறம் அந்தப் பயம் பாதி போய்விடும்.

எல்லாவற்றையும் மறுக்கச் சொல்கிறேன் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ளாதீர்கள். பிஸ்டனும் வால்வும் ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினில் அதை நேரத்துக்கு மாற்றியே ஆக வேண்டும். ஓட்டத்தில் அது அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் மேலே வந்து வால்வை இடித்து உள்ளே எல்லாம் நாசமாகும். பெல்ட்டுக்குப் பதில் செயின் உள்ள இன்ஜினில் பொதுவாக அந்த வேலையே அட்டவணையில் இருக்காது. உங்களுடையது எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தூசியான சாலை, நின்று நின்று நகரும் டிராஃபிக், இன்ஜின் சூடாவதற்குள் முடிந்துவிடும் சின்னச் சின்ன ஓட்டம், இப்படி ஓடும் வண்டிக்கு ஆயிலைச் சீக்கிரம் மாற்ற வேண்டும் என்று மேனுவலிலேயே தனி அட்டவணை இருக்கும். அட்வைசர் அதைக் காட்டிப் பேசினால் அவர் சொல்வது சரி, கேட்டுக்கொள்ளுங்கள்.

விவரம் தெரிந்தவர்போலக் கேட்பதற்கு எவ்வளவு பலன் என்பதை அமெரிக்காவில் ஆய்வே செய்து பார்த்திருக்கிறார்கள். 2013இல் வந்த ஆய்வு அது. ஆண்களையும் பெண்களையும் பட்டறைகளுக்குப் போன் செய்து, ஒரே மாடல் காரில் ரேடியேட்டர் மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்க வைத்தார்கள். விலை பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்று காட்டிக்கொண்டபோது, பெண்களுக்குச் சொன்ன விலை ஆண்களுக்குச் சொன்னதைவிட அதிகம். "இவ்வளவு ஆகும்னு நினைக்கிறேன்" என்று ஒரு தொகையைச் சொல்லிப் பேச்சை ஆரம்பித்தபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. காரைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு எண் கையில் இருந்தால் போதும், எதிரில் இருப்பவர் பேசும் விதம் மாறிவிடுகிறது.

அடுத்த தடவை ஜாப் கார்டு நீட்டும்போது, வெற்றுக் கட்டங்களோடு கையெழுத்துப் போடாதீர்கள். கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே இரண்டு வரி எழுதுங்கள்: என்னைக் கேட்காமல் கூடுதல் வேலை செய்ய வேண்டாம். கழற்றிய பழைய பார்ட்களை வண்டியில் வைக்கவும். எழுதியதை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதையும் மீறி நீங்கள் ஒப்புக்கொள்ளாத வேலை பில்லில் இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்னால் சர்வீஸ் மேனேஜரைக் கூப்பிட்டு வரி வரியாகக் கேளுங்கள். அவர் அசையவில்லை என்றால் கார் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு அந்த போட்டோவையும் பில்லையும் சேர்த்து அன்றைக்கே மெயில் போடுங்கள். அதற்குப் பிறகும் தீரவில்லை என்றால் நுகர்வோர் மன்றத்துக்கு எடுத்துப் போகும்போது, உங்கள் கையில் இருக்கும் முதல் ஆதாரமும் அந்த ஜாப் கார்டுதான்.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.