அந்த ஏழு இறக்கை விமானம் ஏன் நொறுங்கிச்சு? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம் நண்பர்களே. இந்தத் தடவை வந்த கேள்விகள்ல ஒண்ணு என்னை விடவே இல்ல, அதனால மத்ததை எல்லாம் தள்ளி வச்சுட்டு இதை முதல்ல எடுத்துக்கறேன். ஒரு நண்பர் கேட்டிருக்கார், "சார், பழைய கறுப்பு வெள்ளை கிளிப் ஒண்ணு அடிக்கடி கண்ணுல படுது, ஒல்லி ஒல்லியா ஏழு இறக்கையை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கின ஒரு மெஷின், கொஞ்ச தூரம் உருண்டு போய் அப்படியே பொலபொலன்னு நொறுங்குது. அது யார் செஞ்சது? ரைட் சகோதரர்களுக்கு முன்னாடி ஆளுங்க இவ்வளவு விவரம் இல்லாமலா இருந்தாங்க?"

நல்ல கேள்வி. ஆனா முதல்ல ஒண்ணு, அது ரைட் சகோதரர்களுக்கு முன்னாடி இல்ல. அது 1923. இடம் அமெரிக்காவுல டேட்டன், அதாவது ரைட் சகோதரர்களோட சொந்த ஊர். செஞ்சவர் பேரு ஃபிரெடரிக் கெர்ஹார்ட், மெக்குக் ஃபீல்டுன்னு ராணுவத்தோட விமான ஆராய்ச்சி மையம் அங்க இருந்தது, அதுல இன்ஜினியர். அதே 1923 மே மாசம் அதே மெக்குக் ஃபீல்டு பைலட்டுங்க கெல்லியும் மெக்ரெடியும் நியூயார்க்ல கிளம்பி எங்கயும் இறங்காம சான் டியேகோ வரைக்கும் பறந்துட்டாங்க, 27 மணி நேரத்துக்குள்ள. அப்ப விமானம்னா என்னன்னு உலகத்துலயே நல்லா தெரிஞ்ச இடத்துல உக்காந்து ஒருத்தர் இதை செய்யறார்னா, விவரம் இல்லாம செஞ்சிருப்பாரா?

அந்த மெஷின்ல இன்ஜினே கிடையாது, அதான் விஷயம். உள்ள ஒரு ஆள் உக்காந்து சைக்கிள் மாதிரி பெடல் பண்ணணும், ப்ரொபெல்லர் சுத்தும். ஒரு மனுஷனால கொஞ்ச நேரம் விடாம மிதிச்சா அரை ஹெச்பி கூட தேறாது. பவர் இல்லன்னா மெதுவா பறக்கணும், மெதுவா பறக்கணும்னா இறக்கை பரப்பு நிறைய வேணும், அந்தப் பரப்பும் நீளமா ஒல்லியா இருக்கணும். ஏன்னா இறக்கைக்கு கீழ அழுத்தம் ஜாஸ்தி, மேல கம்மி, கீழ இருக்கற காத்து நுனி வழியா மேல தப்பிச்சு ஓடப் பாக்கும், அங்க ஒரு சுழல் உண்டாகும், அந்த சுழலுக்கு சக்தி வீணாப் போகும். நீளமா ஒல்லியா இருந்தா இந்த நஷ்டம் குறையும். ஆனா மரத்துல ஒரே இறக்கையா அவ்வளவு நீளம், அதுவும் ஒரு ஆள் மிதிச்சு தூக்கற அளவு லேசா செஞ்சா வளைஞ்சு ஒடியும், சரி துண்டு போட்டு அடுக்கிடலாம்னு ஏழு இறக்கை. கணக்கு ஒழுங்கான கணக்குதான். கார்ல கட்டி இழுத்தப்ப பறந்தது, வெறும் மனுஷ பலத்துல சுமார் 20 அடி துள்ளினது. அப்புறம்தான் நீங்க பாக்கற அந்த நொறுங்கல்.

இந்த அடுக்கற ஐடியா கெர்ஹார்டுக்கு 30 வருஷம் முன்னாடியே வந்தது. ஹோரேஷியோ பிலிப்ஸ், இங்கிலாந்துக்காரர், இவரைப் பத்தி பேசறதுன்னா எனக்கு நேரம் போறதே தெரியாது. 1893ல ஹாரோங்கற இடத்துல ஒரு மெஷின் வச்சு பரிசோதனை பண்றார். ஒரு சட்டத்துல 50 மரப் பட்டை. ஒவ்வொண்ணும் நீளம் 20 அடி கிட்ட, அகலம் எவ்வளவு தெரியுமா, வெறும் ஒண்ணரை இன்ச்! அகலத்தை விட 150 மடங்கு நீளமான இறக்கை. ஜன்னல்ல தொங்குமே வெனிஷியன் பிளைண்ட், அந்தப் பேராலதான் இன்னிக்கும் அதை சொல்றாங்க. ஆனா அந்தப் பட்டை ஒண்ணை கையில எடுத்து குறுக்கா பாத்தீங்கன்னா அது தட்டை இல்ல, மேல் பக்கம் ஒரு வளைவு, கீழ் பக்கம் அதை விட குறைஞ்ச வளைவு, முன்னாடி தடிப்பு, பின்னாடி போகப் போக மெலிசு. 1884லயே இந்த வடிவத்துக்கு பேட்டன்ட் வாங்கிட்டார், சொந்தமா ஒரு விண்ட் டனல், அதாவது உள்ள வேகமா காத்தை ஓட விட்டு இறக்கையை சோதிக்கற குழாய், கட்டி சோதிச்சு பாத்துட்டு. இன்னிக்கு நீங்க ஏறிப் போற விமானத்தோட இறக்கையும் அந்த வழியில வந்ததுதான். பாக்க விசித்திரமா இருக்கற ஒரு மெஷினுக்குள்ள அவ்வளவு பெரிய உண்மை இருந்தது.

1907ல அதே ஆள் சுமார் 200 பட்டை வச்சு, நாலு சட்டமா ஒண்ணு பின்னாடி ஒண்ணு நிறுத்தி, பெட்ரோல் இன்ஜின் வச்சு இன்னொண்ணு செஞ்சார், அது சுமார் 500 அடி போச்சுன்னு பதிவு இருக்கு. அதோட அவர் விட்டுட்டார். நெருக்கமா அடுக்கினா மேல் இறக்கைக்கு கீழ இருக்கற அழுத்தமும் கீழ் இறக்கைக்கு மேல இருக்கற உறிஞ்சலும் ஒண்ணை ஒண்ணு கெடுத்துக்கும், எண்ணிக்கை ஏற ஏற பலன் குறையும்.

ஆனா என்னைக் கேட்டா நிஜமான பிரச்சனை அது இல்ல. கிளைடர்ல, அதாவது இன்ஜின் இல்லாத விமானத்துல, பறந்த ஜெர்மன்காரர் லிலியந்தால் பத்தி பேசினப்பவும் நான் சொன்னேன், இப்பவும் சொல்றேன், மேல ஏறறது ஒரு பிரச்சனை, ஏறினப்புறம் சாயாம நிக்கறது வேற பிரச்சனை. பிலிப்ஸோட 1893 மெஷின் வட்டமான தண்டவாளத்துல நடுக்கம்பத்தோட கட்டிவிட்டு சுத்தினது, உள்ள ஆளே கிடையாது. அப்ப அது சாஞ்சா என்ன பண்றதுன்னு யோசிக்கவே வழி வராதே?

ஹைராம் மேக்ஸிம் எடுத்துக்கங்க, மெஷின் கன் கண்டுபிடிச்சவர்தான். 1894, கென்ட்ல பால்ட்வின்ஸ் பார்க். மூணரை டன் எடை, ரெண்டு நீராவி இன்ஜின், ஒவ்வொண்ணும் 180 ஹெச்பி. தண்டவாளத்துல ஓட விட்டு, ரொம்ப மேல போயிடக் கூடாதுன்னு மேல மரத்துல இன்னொரு தடுப்பு தண்டவாளம் வேற. ஜூலை 31ஆம் தேதி ஓட்டறப்ப தூக்கற விசை தாங்காம அந்த தடுப்பையே உடைச்சுடுச்சு! உடனே நீராவியை மூடிட்டாங்க, மெஷின் சேதம். தூக்க முடியும்னு நிரூபிச்சாச்சு, ஆனா விட்டிருந்தா அதை யார் ஓட்டியிருப்பா?

அப்புறம் லாங்லி, அமெரிக்காவுல ஸ்மித்சோனியன்னு ஒரு பெரிய அறிவியல் நிறுவனம், அதோட தலைவர், ராணுவம் கொடுத்தது 50,000 டாலர். அவரோட உதவியாளர் மான்லி செஞ்ச இன்ஜின் 52 ஹெச்பி, அந்தக் காலத்துக்கு அற்புதமான இன்ஜின். 1903 டிசம்பர் 8, பொட்டோமேக் ஆத்துல படகு மேலேர்ந்து கேட்டபல்ட், அதாவது கவண் மாதிரி உந்தித் தள்ளற கருவி, வச்சு விட்டாங்க, நேரா தண்ணியில. மான்லி குளிர் தண்ணியில மாட்டி உயிர் பிழைச்சதே பெரிசு. ஒன்பது நாள் கழிச்சு ரைட் சகோதரர்கள் பறந்தாங்களே, அவங்க இன்ஜின் எவ்வளவு? 12 ஹெச்பி. மேக்ஸிம் 360, லாங்லி 52, இவங்க 12. பாருங்க, பவர் குறைஞ்சுகிட்டே வருது, வேலை நடக்குது.

அதனால நண்பர் கேட்டதை விட, அவர் கேட்டிருக்க வேண்டியது இதுதான்னு நினைக்கறேன், அந்த 12 ஹெச்பிக்காரங்க வேற என்ன பண்ணாங்க? சைக்கிள் கடைக்காரங்க அவங்க. சைக்கிள் கத்துக்கறப்ப மிதிக்கறதா கஷ்டம், விழாம ஓட்டறதுதானே கஷ்டம். முதல்ல கிளைடர்ல பழகினாங்க, 1902ல கிட்டி ஹாக்ல நூத்துக்கணக்கான தடவை சறுக்கி, இறக்கையை கம்பியால முறுக்கி சாய்வை சரி பண்றது, அதோட பின்னாடி ரடரை, அதாவது இடது வலது திருப்பற செங்குத்துப் பலகையை, சேத்து திருப்பறது, முன்னாடி எலிவேட்டர், அதாவது மூக்கை மேல கீழ ஆக்கற பலகை, இது மூணும் கைக்கு வந்தப்புறம்தான் இன்ஜினைத் தொட்டாங்க.

கெர்ஹார்டோட கனவும் நிறைவேறுச்சு, 54 வருஷம் கழிச்சு. 1977 ஆகஸ்ட் 23, கலிஃபோர்னியா, பால் மெக்ரெடி (மேல சொன்ன பைலட் மெக்ரெடி இல்ல, இவர் வேற ஆள்) செஞ்ச கோசமர் காண்டர்ங்கற மெஷின், ப்ரையன் ஆலன்னு ஒரு சைக்கிள்காரர் மிதிச்சே ஓட்டினார். ஏழு இறக்கை இல்ல, ஒரே இறக்கை, 96 அடி, அலுமினிய குழாய், மெல்லிசு பிளாஸ்டிக் ஷீட், பியானோ கம்பி. மனுஷ பலத்துல பறக்கறதுக்குன்னு வச்ச கிரெமர் பரிசுக்கு எட்டு வடிவத்துல பறந்து காட்டணும்னு விதி, ரெண்டு பக்கமும் திரும்பியாகணும். அதுக்கு முன்னாடி எத்தனையோ பேர் நேரா மிதிச்சு போயிட்டாங்க, திரும்பறதுலதான் மாட்டிகிட்டாங்க. மெக்ரெடி டீமும் அதுலதான் மண்டையை உடைச்சுகிட்டாங்க, கடைசியில வழி கிடைச்சது எதுல தெரியுமா, இறக்கையை கம்பியால முறுக்கறதுல. ரெண்டு வருஷத்துல அடுத்த மெஷின்ல அதே ஆலன் இங்கிலீஷ் கால்வாயையே தாண்டிட்டார்.

சரி, அடுத்த கேள்வி ஹெலிகாப்டர் பத்தி வந்திருக்கு, அதுக்குப் போவோம்.