புனைவுலகின் சட்டமும் நண்பர்களின் வழக்கும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மிகுபுனைவும் அறிவியல் புனைவும் படிக்கும் நண்பர்கள் சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடி நிலையத்தில் கூடினாலும், நூலக அறையில் கூடினாலும், பேச்சு பெரும்பாலும் இரண்டு தீர்ப்புகளில் முடிந்துவிடுகிறது. "நன்றாக இருந்தது" என்பது ஒன்று. "நம்ப முடியவில்லை" என்பது மற்றொன்று. இரண்டாவதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். இல்லாத உலகத்தைக் காட்டுவதாகச் சொல்லிவிட்டே தொடங்கும் நாவலிடம், இது நடக்குமா என்று கேட்பது பொருந்தாது. தன் உலகத்துக்கு அந்த நாவல் என்ன சட்டம் வகுத்தது, இறுதிவரை அதற்குக் கட்டுப்பட்டதா என்பதே நாம் வழக்காட வேண்டிய இடம்.

ஆர்தர் சி. கிளார்க் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட 'த ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலை எடுத்துக்கொள்கிறேன். இலங்கையில் குடியேறி வாழ்ந்தவர் அவர். பூமியிலிருந்து விண்வெளிக்கு ஏறிச் செல்லும் ஒரு மின்தூக்கியை அமைக்கப் பொறியாளர் ஒருவர் பாடுபடுவதே கதை. பூமியோடு ஒத்துச் சுழன்று, வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் துணைக்கோள், பூமத்திய ரேகைக்கு நேர் மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில்தான் அப்படி நிற்க முடியும். எனவே அத்தகைய துணைக்கோளோடு பூமியை இணைக்கும் மின்தூக்கியின் அடித்தளத்தையும் அந்த ரேகையில் அமைக்க விரும்புகிறார்கள். இலங்கை அங்கே இல்லை. ஆகவே கிளார்க் அத்தீவுக்குத் தப்ரோபேன் என்று பெயரிட்டு, 800 கிலோமீட்டர் தெற்கே நகர்த்திவிட்டார். நகர்த்தியதை நூலிலேயே வெளிப்படையாகச் சொல்லியும் விட்டார். ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 137 கிலோமீட்டரில் குடியிருக்கும் நமக்கு, நம் சிங்கப்பூர்த் தீவையே தேர்ந்திருக்கலாமே என்று தோன்றுவது இயல்பு. பொறியியலுக்கு நம் தீவு ஓரளவு போதும், கதைக்குப் போதாது என்பேன். அவருக்கு ரேகையோடு, துறவிகள் வாழும் புனித மலையும் வேண்டியிருந்தது.

அத்துறவிகள் மலையை விட்டுக்கொடுக்க மறுக்கிறார்கள். ஆனால், மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் என்றைக்கு மலையுச்சியை எட்டுகின்றனவோ அன்றைக்கு அவர்கள் வெளியேற வேண்டும் என்றொரு பழங்கதை அங்கே வழங்குகிறது. வானிலையைக் கட்டுப்படுத்தும் முயற்சி ஒன்று தவறிப்போக, அதில் எழுந்த பெருங்காற்று பூச்சிகளை உச்சிக்குக் கொண்டுசேர்க்கிறது. துறவிகள் சொல் தவறாமல் இறங்கிச் செல்கிறார்கள். இந்த இடத்தில் நண்பர்கள் இரு அணியாகப் பிரிவார்கள். காற்றுதான் காரணம், ஆகவே இது அறிவியல் என்பார் ஒருவர். கதை சொன்னபடியே நடந்துவிட்டதே, இது புராணம் என்பார் இன்னொருவர். பூச்சிகள் வந்ததற்குக் காற்றும், துறவிகள் போனதற்கு நம்பிக்கையும் காரணமாக இருக்க, நாவல் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை என்பது என் துணிபு. ஆயினும், மறுதரப்பைக் கேட்ட பிறகே எனக்கு அந்த அத்தியாயத்தின் ஆழம் தெரிந்தது.

கருத்து வேறுபாட்டுக்கு ஓர் எல்லை உண்டா? ஆக்ஸ்ஃபர்டில் எழுத்தாளர் சி.எஸ். லூயிஸின் கல்லூரி அறையில் நண்பர்கள் கூடித் தங்கள் கையெழுத்துப் படிகளை வாசித்தார்கள். டோல்கீன் எழுதி 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளிவந்த 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' அப்படி வாசிக்கப்பட்டு வளர்ந்தது. லூயிஸ் அளித்த ஊக்கத்துக்குத் தாம் தீராத கடன்பட்டிருப்பதாக டோல்கீன் பின்னாளில் எழுதினார். அதே டோல்கீனுக்கு லூயிஸின் நார்னியா கதைகள் பிடிக்கவில்லை. ஆனால் அங்கிருந்த ஹ்யூகோ டைசன் காட்டிய வெறுப்பு வேறுவகையானது. அவர் முன்னிலையில் டோல்கீனின் வாசிப்பே நின்றுபோகும் நிலை வந்தது. பிடிக்கவில்லை என்று சொல்ல நண்பருக்கு முழு உரிமை உண்டு. வாசிப்பை நிறுத்த உரிமை இல்லை என்றே நான் கருதுகிறேன்.

நம் மொழியில் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' பற்றிப் பேசும்போது, அவர் முன்கூட்டிச் சொன்னதில் எவ்வளவு பலித்தது என்று கணக்குப் பார்க்கிறோம். எழுத்தாளரைச் சோதிடராக்கும் அந்தக் கணக்கு எனக்கு உவப்பில்லை. ஜீனோ என்னும் இயந்திர நாய் படிக்கிறது, சிந்திக்கிறது. அப்படியானால் அதை ஓர் உடைமையாக வைத்திருக்க எவருக்கேனும் உரிமை உண்டா, இக்கேள்வியை நாவல் இறுதிவரை நேர்மையாகப் பின்தொடர்கிறதா? அடுத்து வரும் கலந்துரையாடலில் இதைப் பற்றியே உங்கள் கருத்துகளைக் கேட்க விரும்புகிறேன். உடன்படாதவர்கள் முதலில் பேசலாம்.