பழுதானாலும் பாதகமில்லை என்று நம்பியவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். 1962ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பது தெரியவந்து உலகமே கலங்கி நின்ற அதே நாட்களில், அமெரிக்க வார இதழ் ஒன்றில் ஒரு நாவல் தொடராக வந்துகொண்டிருந்தது. யூஜின் பர்டிக், ஹார்வி வீலர் என்னும் அரசியல் அறிவியல் அறிஞர்கள் இருவர் சேர்ந்து எழுதிய அந்த நாவலின் பெயர் 'ஃபெயில் சேஃப்'. பழுது ஏற்பட்டாலும் பாதகம் நேராது என்பது அச்சொல்லின் பொருள். கல்லூரி நாட்களில் படித்த அந்நூலை இன்றுவரை நான் மறக்கவில்லை.

கதையில் போரை விரும்பியவர் எவரும் இல்லை. ராடாரில் அடையாளம் தெரியாத ஒரு புள்ளி தென்படுகிறது. அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் முன்னெச்சரிக்கையாகப் புறப்பட்டுச் சென்று குறித்த இடங்களில் காத்திருக்கின்றன. அது வழி தவறிய பயணிகள் விமானம் என்று தெரிந்த பின்பும், இயந்திரக் கோளாறு ஒன்றால் ஓர் அணிக்கு மட்டும் தாக்குதல் ஆணை போய்ச் சேர்ந்துவிடுகிறது. அந்த அணி மாஸ்கோவை நோக்கித் திரும்புகிறது. எதிரி எவருடைய குரலையும் போலியாக உண்டாக்கக்கூடும், ஆகவே எந்தக் குரலையும் நம்பாதீர்கள் என்பதுதான் அந்த விமானிகள் பெற்ற பயிற்சி. அதனால், நாட்டின் அதிபரே வானொலியில் அழைத்து மன்றாடியும் அவர்கள் திரும்பவில்லை. இதைக் கருத்தூன்றிக் கேளுங்கள்: பழுதானது ஒரு கருவி, அதற்குப் பிறகு அந்த விமானிகள் ஒருவரும் கடமையில் தவறவில்லை.

மாஸ்கோவிலுள்ள அமெரிக்கத் தூதர் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே காத்திருக்கிறார். குண்டு விழும் கணத்தில் அந்தக் கருவி உருகும், அப்போது கிறீச்சென்று ஓர் ஒலி கேட்கும், அதுவே அடையாளம் என்று ஏற்பாடு. அந்த ஒலிக்காக வாஷிங்டனில் அதிபர் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் பக்கங்களை எத்தனை முறை படித்தாலும் எனக்குக் கை நடுங்குகிறது.

1964இல் இது திரைப்படமானபோது, இப்படி நடக்கவே முடியாது என்பதே பாதுகாப்புத் துறையின் நிலைப்பாடு என்ற அறிவிப்பைப் படத்தோடு சேர்த்திருந்தார்கள். ஆனால் தொடர் வெளிவந்த அதே அக்டோபரில், 25ஆம் தேதி நள்ளிரவையொட்டி, மினசோட்டா மாநிலத்தின் துலூத் இராணுவ நிலையத்தில் வேலியேறிய ஓர் உருவத்தைக் காவலர் கண்டார். சுட்டுவிட்டு, நாசவேலை எச்சரிக்கை மணியை இயக்கினார். அந்த வட்டாரத்துத் தளங்களில் எல்லாம் மணி ஒலித்தது. விஸ்கான்சினில் வோக் ஃபீல்டு என்ற தளத்தில் மட்டும் கம்பி மாற்றி இணைக்கப்பட்டிருந்தது. மின்விசிறியின் சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும் வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம் அல்லவா, அதே பிழைதான். அங்கே ஒலித்ததோ போர் விமானங்கள் புறப்படுவதற்கான மணி. நெருக்கடி வேளையில் ஒத்திகை கிடையாது என்று அறிந்திருந்த விமானிகள், போர் மூண்டுவிட்டதென்றே நம்பி, அணு ஆயுதம் தாங்கிய விமானங்களை ஓடுபாதைக்கு நகர்த்தினார்கள். கட்டுப்பாட்டு மையத்திலிருந்து ஒரு கார், முன்விளக்குகளை விட்டுவிட்டு எரியவைத்தபடி பாய்ந்து வந்து அவர்களைத் தடுத்தது. துலூத்தில் வேலியேறியது ஒரு கரடி!

அந்தக் காரைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். நாவலில் இல்லாதது அது ஒன்றுதான். 1983 செப்டம்பர் 26 அன்று, அமெரிக்க ஏவுகணைகள் ஐந்து வருவதாகச் சோவியத் செயற்கைக்கோள் காட்டியபோது, அதைப் பொய்யெச்சரிக்கை என்று கணித்து மேலிடத்துக்கு அறிவித்த ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் என்ற அதிகாரியும் எனக்கு அந்தக் காராகவே தோன்றுகிறார். மேகங்களில் பட்டுத் தெறித்த வெயிலைத்தான் செயற்கைக்கோள் ஏவுகணை என்று கண்டிருந்தது.

மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் இடையே 1963 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கிய நேரடித் தொடர்பைப் பற்றியும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. அது தொலைபேசி அன்று, தட்டச்சு வழிச் செய்தித் தொடர்பு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நம் நாட்டைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லியாக வேண்டும். 2022 மார்ச் 9 அன்று, பராமரிப்பின்போது இந்திய ஏவுகணை ஒன்று தவறுதலாகப் பாய்ந்து, பாகிஸ்தானின் மியான் சன்னு அருகே விழுந்தது. அதில் வெடிபொருள் இல்லை, உயிரிழப்பும் இல்லை. தவறுதலாகப் பாய்ந்தது என்று இந்திய அரசு வெளிப்படையாக அறிவித்தது, இரண்டு நாள் கழித்து, மார்ச் 11 அன்று. வணக்கம்.