இரண்டு மலைப்பாதை, ஒரு வளையம்

(சேலத்தில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய மாலைக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். கார்த்திகை மழையையும் பார்க்காமல் வந்திருக்கிறீர்கள். மலையிலிருந்து வந்தவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஏற்காடு டவுனைத் தாண்டி, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஓர் அரசுப் பள்ளிக்குப் போயிருந்தேன். கணினி அறையில் பத்து கம்ப்யூட்டர்கள். தூசு படக் கூடாதென்று ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியால் மூடி வைத்திருந்தார்கள். சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. பவர் விளக்கு பச்சையாக எரிகிறது. பக்கத்தில் ஒன்று சிவப்பாக எரிகிறது. நெட்வொர்க் வேலையில் முப்பது வருடம் இருந்தவன் நான், அந்தச் சிவப்பைப் பார்த்தாலே போதும். பெட்டியில் பழுதில்லை, மின்சாரம் இருக்கிறது, ஃபைபரில், அதாவது இன்டர்நெட்டைக் கொண்டுவரும் கண்ணாடி இழையில், ஒளி வரவில்லை. வழியில் எங்கேயோ அறுந்திருக்கிறது.

"எத்தனை நாளாக இப்படி எரிகிறது, டீச்சர்?" என்று கேட்டேன்.

"ஆடிக் காற்றில் மரம் விழுந்த நாளிலிருந்து, சார்" என்றார் தலைமையாசிரியை.

நான் போனது ஐப்பசியில். அந்த அம்மா தினமும் காலையில் வருகைப் பதிவை ஏற்ற, மைதானத்தின் கோடியில் இருக்கும் சில்வர் ஓக் மரத்தடிக்குப் போகிறார். சிக்னல் அங்கேதான் கிடைக்கிறது. ஒன்பது மணிக்கு ஒரு கையில் குடை, ஒரு கையில் செல்போன். நானும் கூடப் போய் நின்றேன். மூன்றாவது முயற்சியில்தான் ஏறியது.

இந்தப் பள்ளிக்கு இணைப்பு கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கொடுத்தாயிற்று, கணக்கிலும் ஏறியாயிற்று. அறுந்தால் யார் ஒட்டுவது என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. இன்றைக்கு நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

நம் நாட்டில் கல்விக்கென்று வலைப்பின்னல் போடும் யோசனை புதிதல்ல. 1986லேயே எர்நெட் தொடங்கிவிட்டது. ஐ.ஐ.டி.க்கள் ஐந்து, பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம் என்று ஒரு சில நிறுவனங்களை அது இணைத்தது; நம் சென்னை ஐ.ஐ.டி.யும் அதில் ஒன்று. பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15. அதற்கு ஒன்பது வருடம் முன்பே கல்வி நிறுவனங்கள் பாதை போட ஆரம்பித்துவிட்டன என்பதில் எனக்குப் பெருமை உண்டு. 2004ல் எஜுசாட் என்று கல்விக்காகவே ஒரு செயற்கைக்கோள் பறந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் அந்த மாதிரி செயற்கைக்கோள் நிற்பது 36,000 கிலோமீட்டர் உயரத்தில். மாணவன் கேட்ட கேள்வி மேலே போய்க் கீழே இறங்கி, பதிலும் அதே வழியில் திரும்பி வர அரை நொடிக்குக் குறையாது. அரை நொடி என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். பேசிப் பாருங்கள், இருவரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்துவீர்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. சேலத்திலிருந்து சென்னைக்கு இரண்டு மில்லி நொடிதான். எதிரே உட்கார்ந்து பேசுவது போலவே இருக்கும்.

2010ல் தேசிய அறிவு வலையமைப்புக்கு மத்திய அரசு 5,990 கோடி ரூபாய் ஒதுக்கியது. பல்கலைக்கழகங்களையும் ஆராய்ச்சிக் கூடங்களையும் கிகாபிட் வேகத்தில் இணைக்கிற வலை அது. ஜெனீவாவில் இருக்கும் செர்ன் என்ற அணுத்துகள் ஆய்வகத்தின் தரவு வரைக்கும் நம் விஞ்ஞானிகள் அதன் வழியே எடுக்கிறார்கள். அடுத்த வருடமே, 2011ல், கிராம ஊராட்சிகளுக்கென்று இன்னொரு வலைக்கு ஒப்புதல் கிடைத்தது. இப்போது அதற்குப் பெயர் பாரத்நெட். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் வேலை டான்ஃபிநெட் என்ற மாநில அரசு நிறுவனத்துடையது.

ஆக, பல்கலைக்கழகத்துக்கு ஒரு வலை, ஊராட்சி அலுவலகத்துக்கு ஒரு வலை. பள்ளிக்கூடம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2025 மத்திய பட்ஜெட்டில்தான், பாரத்நெட் வழியாகக் கிராமப்புற அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கெல்லாம் பிராட்பேண்ட் என்று அறிவித்தார்கள். மனதார வரவேற்கிறேன். ஆனால் ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையில் குழந்தைகள் முதலில் காலடி வைப்பது தொடக்கப் பள்ளியில், நடுநிலைப் பள்ளியில். அவற்றையும் சேர்க்க வேண்டும்.

சரி, எப்படி இணைப்பது? ஏற்காட்டுக்குப் போக எத்தனை வழி என்று கேட்டால் இங்கே எல்லோரும் சொல்வீர்கள். அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுகிற பாதை ஒன்று. அயோத்தியாப்பட்டணம் பக்கம் போய்க் குப்பனூர் வழியாக ஏறுவது இன்னொன்று. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது நினைவிருக்கும். ஒரு பாதை அடைபட்டால் இன்னொன்றில் போகலாம் என்ற தைரியத்தில்தானே மலை ஜனங்கள் இருக்கிறார்கள்? காய்கறியும் கேஸ் சிலிண்டரும் அப்படித்தானே ஏறுகின்றன?

கேபிளுக்கும் அதே நியாயம்தான். ஒரு கேபிள் கோரிமேடு வழியாக மேலே போக வேண்டும், இன்னொன்று குப்பனூர் வழியாகக் கீழே இறங்க வேண்டும். இரண்டு முனையும் சேலத்தில் சேர்ந்தால் அது ஒரு வளையம். ஓரிடத்தில் அறுந்தால் தரவு கண் இமைக்கும் நேரத்தில் எதிர்ப்பக்கமாகச் சுற்றி வந்துவிடும். வகுப்பில் இருப்பவருக்கு அறுந்ததே தெரியாது. பாரத்நெட் ஆரம்பத்தில் கிளை பிரிகிற மரம் மாதிரிதான் போடப்பட்டது. கிளை ஒடிந்தால் அதற்கப்புறம் இருப்பதெல்லாம் இருட்டு. 2023ல் 1,39,579 கோடி ரூபாய்க்குத் திருத்திய திட்டத்துக்கு ஒப்புதல் தந்தபோது, வளையமாகப் போட வேண்டும் என்று அவர்களே மாற்றிக்கொண்டார்கள். பத்துப் பன்னிரண்டு வருடப் பாடம் அது. நம் மலையில் வளையத்துக்கான இரண்டு பாதையும் ஏற்கெனவே இருக்கிறது.

வளையம் போட்டாலும் அறுந்ததை ஒட்டத்தான் வேண்டும். ஒட்டுவதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், சொல்கிறேன். இழையின் மேல்பூச்சை உரித்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி 125 மைக்ரான், தலைமுடியை விடக் கொஞ்சம் தடிமன். ஒளி ஓடுவது அதற்கும் உள்ளே, ஒன்பது மைக்ரானில். முனையை நேராக வெட்டி, ஸ்பிரிட்டில் துடைத்து, ஸ்ப்ளைசிங் மெஷினில் இரண்டு முனையையும் எதிரெதிரே வைத்தால், சின்ன மின்பொறி உருக்கி ஒட்டிவிடும். கை பழகியவருக்கு ஓர் இழைக்குச் சில நிமிடம்தான். சில நிமிட வேலைக்காக அந்தப் பள்ளி ஆடியிலிருந்து ஐப்பசி வரை காத்திருந்தது. மெஷினும் ஆளும் கீழே இருக்கிறார்கள், பழுது மேலே இருக்கிறது. ஏற்காட்டிலேயே ஒரு மெஷின் இருக்கட்டும். ஐ.டி.ஐ. படித்த மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் நான்கு பேருக்குப் பயிற்சி கொடுத்து, சம்பளம் கொடுத்து வைக்கட்டும். எந்த மரம் எந்தக் கம்பத்தில் சாயும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் கேட்கிறேன். பள்ளியை வீட்டு இன்டர்நெட் பிளான் வாங்கும் வாடிக்கையாளராக வைக்காதீர்கள். கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது, பக்கத்திலேயே அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. மலைப் பள்ளி அந்தக் கல்வி வலையின் ஒரு முனையாக இருக்கட்டும். நாற்பது பிள்ளைகள் ஒரே பாட வீடியோவை ஆளுக்கு ஒன்றரை மெகாபிட்டில் பார்த்தால் அறுபது மெகாபிட் வேண்டும். பள்ளியிலேயே ஒரு சின்ன சர்வரில் அதைச் சேமித்து வைத்தால் ஒரு தடவை இறக்கினால் போதும். மிச்சமாகும் இன்டர்நெட் வேகத்தில் பிள்ளைகள் கருப்பூர்ப் பேராசிரியரிடம் கேள்வி கேட்கட்டும். வாங்க மட்டுமல்ல, கொடுக்கவும் அவர்களிடம் நிறைய இருக்கிறது. ஏற்காட்டில் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. எந்த ஆர்க்கிட் எந்தச் சோலையில் எப்போது பூக்கிறது என்று அங்கே திரியும் ஆறாம் வகுப்புப் பையன் சொல்வான். அவன் எடுத்த படத்தை நெட்டில் ஏற்றவும், பாடம் இறங்குகிற அதே வேகம் வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை கொடுக்கிறேன், ஆசிரியர்களே. அந்த வெள்ளைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். சிவப்பு எரிந்த தேதி, புகார் சொன்ன தேதி, சரியான தேதி, மூன்றே கட்டம். பிள்ளைகளே எழுதட்டும். ஜனவரி 26 கிராம சபைக்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். நானும் மேலே வருகிறேன்.