புது சர்வருக்கு மாறியாச்சு, பழையதை ஏன் இன்னும் அணைக்கவில்லை?

வணக்கம் மக்களே. பின்னால் ஓடுகிற கருப்புத் திரையைப் பாருங்கள். அக்காவின் முறுக்குக் கடைத் தளம் இத்தனை நாள் குடியிருந்த பழைய சர்வர் அது. தளத்தைப் புது சர்வருக்கு, புது ஐபி முகவரிக்கு மாற்றி இன்றோடு பன்னிரண்டு நாள். ஆனாலும் பழையதை அணைக்காமல் வைத்திருக்கிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்த வீடியோ.

திரையில் 203.0.113 என்று தொடங்கும் முகவரிகள் வரும். தட்டிப் பார்க்காதீர்கள், எதுவும் திறக்காது. எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கிவைத்த எண்கள் அவை. கடைசி எண் 10 என்றால் பழைய சர்வர், 20 என்றால் புதியது.

சரி. பொதுவாக என்ன செய்கிறோம்? டொமைன் கணக்கில் லாகின் செய்து, தளத்தின் பெயருக்கு எந்த ஐபி முகவரி என்று சொல்கிற ஏ ரெக்கார்டில் எண்ணை மாற்றி, சேவ் அழுத்திவிட்டு, "பரவுவதற்கு 48 மணி நேரம் ஆகும்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறோம். இந்தப் "பரவுவது" என்ற பேச்சே எனக்குப் பிடிக்காது. ஒன்றும் பரவுவதில்லை. பெயரைக் கேட்டால் ஐபி முகவரியைச் சொல்கிற டிஎன்எஸ் சர்வர்கள் ஊரெங்கும் பழைய விடையை மனப்பாடம் செய்து வைத்திருக்கின்றன. அது மறக்கும்வரை ஆளைப் பழைய இடத்துக்கே அனுப்பும். எத்தனை விநாடி நினைவில் வைக்கலாம் என்று சொல்கிற உரிமை நம்மிடம்தான் இருக்கிறது. அதன் பெயர் டிடிஎல்.

இதோ, டிஎன்எஸ்ஸிடம் விடை கேட்கிற டிக் கட்டளையை ஓட்டுகிறேன். பெயருக்குப் பக்கத்தில் 212 என்று வருகிறதா? மறப்பதற்கு மீதியுள்ள விநாடி அது. மறுபடி ஓட்டுகிறேன். 208. இன்னொரு முறை, 205. என் ரவுட்டர் மறந்துகொண்டே வருகிறது. இதையே கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8-இடம் கேட்டால் எண் ஏறி இறங்கும், குழம்ப வேண்டாம். அங்கே ஒரே இடத்தில் நினைவு இல்லை, பல சர்வர்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன.

அக்காவின் டொமைனில் டிடிஎல் 86400 இருந்தது. முழுசாக ஒரு நாள். அதை 300 ஆக்கினேன். ஆனால் குறைத்த கையோடு முகவரியையும் மாற்றிவிடக் கூடாது. நான் குறைப்பதற்கு ஒரு விநாடி முன்னால் விடை வாங்கிப்போன சர்வர் கையில் இன்னும் 86400 தானே இருக்கும்? அதனால் ஒரு நாள் போகட்டும் என்று விட்டேன். பயந்த சுபாவம், இன்னொரு நாளும் சேர்த்துவிட்டேன்.

அந்த இரண்டு நாளில் புது சர்வரைத் தயார் செய்தேன். படங்கள், கோப்புகள் எல்லாம் ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவி வழியாகப் போய்விட்டன. சோதித்துப் பார்க்க என் லேப்டாப்பின் ஹோஸ்ட்ஸ் கோப்பில், இந்தப் பெயருக்குப் புது முகவரி என்று ஒரு வரி எழுதினேன். டிஎன்எஸ்ஸைக் கேட்பதற்கு முன் லேப்டாப் அதைத்தான் பார்க்கும். அப்போது எனக்கு மட்டும் புது சர்வர் தெரியும், ஊருக்குப் பழையதுதான். வேலை முடிந்ததும் அந்த வரியை மறக்காமல் எடுத்துவிடுங்கள். போன வருடம் இன்னொரு தளத்துக்கு நான் எடுக்கவில்லை. ஊரே திறக்கவில்லை என்று போன் செய்கிறது, நான் "எனக்கு நல்லாத்தானே வருது" என்று சாதிக்கிறேன்.

தளம் https-இல் திறக்கத் தேவையான எஸ்எஸ்எல் சான்றிதழிலும் ஒரு சிக்கல். அதை இலவசமாகத் தருகிற லெட்ஸ் என்க்ரிப்ட் வழக்கமான முறையில் சரிபார்க்க வரும்போது டொமைன் காட்டுகிற இடத்துக்குப் போகும். அது இன்னும் பழைய சர்வர்தான். அதனால் பழையதிலிருந்த சான்றிதழையும் சாவியையும் அப்படியே நகலெடுத்துப் புதியதில் வைத்தேன்.

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். 300 விநாடி என்று சொன்னாலும் எல்லோரும் கேட்கமாட்டார்கள். கொஞ்ச நேரமாவது இரண்டு சர்வருக்கும் ஆள் வரும். வெறும் படம் காட்டுகிற தளம் என்றால் பரவாயில்லை. கடை என்றால்? ஒருவர் ஆர்டர் பழைய டேட்டாபேஸில் விழும், அடுத்தவர் ஆர்டர் புதியதில் விழும். இரண்டு கல்லா, இரண்டு கணக்கு நோட்டு. பணம் கட்டியவருக்கு முறுக்கு போகாது.

அதனால் நான் டிஎன்எஸ்ஸைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். முதலில் பழைய சர்வரில் பக்கங்களைப் பரிமாறுகிற என்ஜின்எக்ஸ் மென்பொருளின் அமைப்பில் ஒரு வரி: வருகிற ஆளையெல்லாம் அப்படியே 20-க்கு, அதாவது புது சர்வருக்கு, அனுப்பு. ப்ராக்ஸி பாஸ் என்பார்கள். இரவு 2:40-க்கு ஆர்டர் பொத்தானை மட்டும் நிறுத்தி, டேட்டாபேஸை எடுத்துப் புதியதில் ஏற்றி, அந்த வரியைப் போட்டு ரீலோட் அடித்தேன். 50 விநாடி. கடை திறந்தேதான் இருந்தது, கல்லாப்பெட்டி மட்டும் 50 விநாடி மூடியிருந்தது. அதுகூட ஆகாது என்கிற பெரிய தளம் என்றால் இரண்டு டேட்டாபேஸையும் உடனுக்குடன் ஒத்துப்போக வைக்கிற ரெப்ளிகேஷன் போட வேண்டும். அக்கா கடைக்கு இரவு மூன்று மணிக்கு யாரும் அதிரசம் கேட்பதில்லை.

கவனித்தீர்களா, டிஎன்எஸ்ஸில் இன்னும் கையே வைக்கவில்லை, ஆனால் தளம் மாறிவிட்டது. எந்த முகவரியில் வந்தாலும் ஒரே கல்லா. அரை மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். புதியதில் ஏதாவது கோளாறு என்றால், அந்த நேரத்தில் ஆர்டர் எதுவும் விழாதவரை, ஒரு வரியை அழித்தால் பழையபடி ஆகிவிடும், யாருடைய டிடிஎல்லுக்கும் காத்திருக்கத் தேவையில்லை. அதற்கப்புறம்தான் ஏ ரெக்கார்டை மாற்றினேன். க்வாட்-ஏ ரெக்கார்டையும் மாற்றினேன். புதிய, நீளமான வகை முகவரியான ஐபிவி6 அதில்தான் இருக்கிறது, பலர் மறப்பதும் அதைத்தான். ஜியோ மாதிரி மொபைல் நெட்வொர்க்கில் வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருவார்கள்.

ப்ராக்ஸி போடும்போது வந்தவரின் உண்மையான முகவரியையும் ஹெடரில், அதாவது கோரிக்கையோடு போகும் குறிப்பில், சேர்த்து அனுப்புங்கள், புது சர்வருக்கு அதைப் படிக்கவும் சொல்லிக்கொடுங்கள். முதல் தடவை நான் இதைச் செய்யவில்லை. புது சர்வருக்கு எல்லா வாடிக்கையாளரும் ஒரே ஆளாகத் தெரிந்தார்கள். காவலுக்கு வைத்திருந்த ஃபெயில்-டு-பேன், யாரோ தாக்குகிறார்கள் என்று நினைத்து என் பழைய சர்வரையே பத்து நிமிடம் வெளியே தள்ளிவிட்டது!

சில்லறை வேலைகள் இன்னும் உண்டு. பழைய சர்வரில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் க்ரான் வேலைகளை நிறுத்தவில்லை என்றால் ஒரே எஸ்எம்எஸ் இரண்டு தடவை போகும். பணம் வசூலிக்கிற கேட்வேயில் ஐபி அனுமதிப் பட்டியல் இருந்தால் புது எண்ணை முன்கூட்டியே கொடுங்கள். சர்வரே மெயில் அனுப்பினால் நம் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வருக்கு அனுமதி என்று சொல்கிற எஸ்பிஎஃப் ரெக்கார்டும் மாற வேண்டும்.

சரி, பன்னிரண்டு நாள் எதற்கு? டிஎன்எஸ் தேடல் தொடங்குகிற இடமான, இணையத்தின் ரூட் சர்வர்களில் ஒன்றான பி-ரூட்டை நடத்துவது தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம். 2023 நவம்பர் 27 அன்று அதன் முகவரியை 170.247.170.2 என்று மாற்றினார்கள். பழைய முகவரியிலும் குறைந்தது ஒரு வருடம் பதில் சொல்வோம் என்று அறிவித்தார்கள். அவர்களே ஒரு வருடம் என்கிறபோது நான் இரண்டு வாரமாவது காத்திருக்க வேண்டாமா?

வாருங்கள், பழைய சர்வரின் லாகை, அதாவது வருகைப் பதிவை, பார்ப்போம். மாற்றிய இரவு மழை மாதிரி கொட்டியது. பத்து நிமிடத்தில் தூறலானது. மறுநாள் தானாகத் தளங்களைச் சுற்றிவரும் சில பாட்கள், பழைய விடையை விடாத ஏதோ ஒரு நிரல். ஐந்தாம் நாளிலிருந்து ஒரே ஒருவர்தான் வருகிறார். அதோ, 6:41:00. இப்போது 6:42:00. நிமிடத்துக்கு ஒரு தடவை, பிசகாமல், முகப்புப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார். யார் இவ்வளவு விசுவாசமான வாடிக்கையாளர் என்று நேற்று முகவரியைத் தேடிப் பார்த்தேன். என் வீட்டு ராஸ்பெர்ரி பை, அந்தக் குட்டிக் கணினி. தளம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மூன்று வருடத்துக்கு முன்னால் நானே எழுதிய ஸ்கிரிப்ட். டொமைன் பெயர் போடச் சோம்பல்பட்டு ஐபி எண்ணையே நேராக எழுதியிருக்கிறேன்.

இருங்கள், அதை மாற்றிவிட்டு வருகிறேன்.