உங்கள் புள்ளியை எடுத்துவிட்டுப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. டர்பனில் வண்டி ஓட்டிக்கொண்டே கேட்பவர்களுக்கும், அடுப்படியில் வானொலியை வைத்துக்கொண்டு கேட்பவர்களுக்கும் வணக்கம். தொண்டு அமைப்புகளின் வேலையால் ஊருக்கு என்ன பலன் என்று மதிப்பிட்டுச் சொல்வது என் தொழில். இன்று என்னைப் பேச அழைத்திருக்கும் தலைப்பு, சமூக வலைப்பின்னல் ஆய்வு. ஃபேஸ்புக், வாட்ஸ்அப் பற்றிப் பேசப்போகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஓர் ஊரில் யாருக்கு யாரைத் தெரியும், கஷ்டம் வந்தால் யார் யாரிடம் போவார்கள் என்பதைக் காகிதத்தில் வரைந்து பார்க்கிற முறை இது. கணக்கு கொஞ்சம் உண்டு, பயப்படுகிற அளவுக்கு இல்லை.

டர்பனில் நம் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ உள்ள ஒரு தொண்டு அமைப்பின் ஆண்டறிக்கையை எடுத்துப் புரட்டுங்கள். இத்தனை ஹாம்பர், அதாவது மளிகைப் பொட்டலம், கொடுத்தோம், இத்தனை பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை வாங்கினோம், காவடித் திருவிழாவில் இத்தனை பேருக்குச் சாப்பாடு போட்டோம் என்று இருக்கும். தென்னாப்பிரிக்காவின் 1997-ஆம் ஆண்டு லாப நோக்கமற்ற அமைப்புகள் சட்டத்தின்படி பதிவு செய்தவர்கள், நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதங்களுக்குள் சமூக வளர்ச்சித் துறைக்கு வேலை அறிக்கையும் கணக்கும் அனுப்பியாக வேண்டும். அதனால் எண்ணுகிற பழக்கம் நம்மிடம் நன்றாகவே வந்துவிட்டது. நிதி கொடுப்பவர் எதிரே உட்கார்ந்து, “சரி, இவ்வளவு கொடுத்தீர்கள், ஊரில் என்ன மாறியது?” என்று கேட்டால்தான் செயலாளர் பொருளாளரைப் பார்ப்பார், பொருளாளர் கூரையைப் பார்ப்பார்.

ஏதோ மாறியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். ஹாம்பர் கொண்டுபோன பெண்ணுக்கும் கிளினிக் நர்ஸுக்கும் பழக்கமாகி, அதனால் பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவருக்குச் சர்க்கரை மாத்திரை மாதம் தவறாமல் வீட்டுக்கு வருகிறது. இதை அறிக்கையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? இதற்குக் கட்டமே கிடையாது.

இந்த இடத்தில்தான் நான் சொல்லும் முறை கைகொடுக்கிறது. ஆளுக்கோ அமைப்புக்கோ ஒரு புள்ளி, உறவுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். இது புதிதும் அல்ல. 1932-இல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் பெண்கள் பள்ளியிலிருந்து இரண்டு வாரத்தில் 14 பெண்கள் ஓடிப்போனார்கள். ஜேக்கப் மொரேனோ என்ற மனநல மருத்துவர், ஒவ்வொரு பெண்ணின் குணத்தையும் தனித்தனியாகத் துருவுவதை விட்டுவிட்டு, யார் யாரோடு பழகினார்கள் என்று வரைந்தார். ஓடிப்போகும் யோசனை எந்த வழியாகப் பரவியது என்பது அந்தக் கோடுகளில் தெரிந்தது.

அந்தக் கோடுகளை ஆப்பிரிக்க நகரங்களில் போட்டுப் பார்த்த முக்கியமானவர் நம் ஊர்க்காரர். கிளைட் மிட்செல், 1918-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் பிறந்தவர். இன்றைய ஜாம்பியாவின் செப்புச் சுரங்க நகரங்களுக்குக் கிராமங்களிலிருந்து பிழைக்க வந்தவர்களைப் பற்றி ஆராய்ந்தார். குலம், சொந்தம் என்ற பெட்டிகளுக்குள் அவர்களை அடைத்துவிட்டால் நகர வாழ்க்கை விளங்காது, யார் யாரோடு தொடர்பு வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் விளங்கும் என்பது அவரும் அவரது கூட்டாளிகளும் கண்டது. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் 1973-இல் மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கர் எழுதியது. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று அவர் கேட்டார். அடிக்கடி பார்க்கிறவர் என்று சொன்னவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கிற ஆள், ஏறக்குறைய மறந்தே போன ஆள் மூலம் வேலை வந்திருக்கிறது. நெருங்கிய சொந்தக்காரருக்குத் தெரிந்த சேதி நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும், புதுச் சேதி தள்ளி இருப்பவரிடமிருந்துதான் வரும். வேலையில்லாத இளைஞர்களுக்குப் பயிற்சி தருகிற அமைப்புகள் இதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். பயிற்சி முடிந்து சான்றிதழ் வாங்கிய பையனுக்கு, தன் தெருவுக்கு வெளியே புதிதாக எத்தனை பேரைத் தெரியும் என்று யாராவது கேட்கிறோமா?

சில ஆண்டுகளுக்கு முன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கோயில் மண்டபத்தில் இதைச் செய்து பார்த்தோம். அன்னதான மேசைகளை ஒன்றாகச் சேர்த்து, நீளமான வெள்ளைத் தாளை விரித்துப் போட்டோம். மாதர் சங்கம், இலவசமாகச் சாப்பாடு போடும் இரண்டு சூப் கிச்சன்கள், பள்ளி நிர்வாகக் குழு, சமூகக் காவல் மன்றம், முதியோரைப் பார்த்துக்கொள்ளும் குழு என்று பலர் வந்திருந்தார்கள். கேட்டது இரண்டே கேள்வி. போன மூன்று மாதத்தில் யாரோடு சேர்ந்து ஒரு வேலை செய்தீர்கள்? உங்களால் முடியாத ஒன்று வந்தால் யாருக்குப் போன் போடுவீர்கள்? முதல் கேள்விக்கு நீலப் பேனா, இரண்டாவதற்குச் சிவப்பு.

இரண்டு சூப் கிச்சன்களுக்கும் நடந்து போகிற தூரம்தான். இரண்டிலிருந்தும் ஒரே மளிகைக் கடைக்குக் கோடு போனது, ஒன்றுக்கொன்று கோடே இல்லை. விசாரித்தால் இரண்டு பேரும் புதன்கிழமை சமைக்கிறார்கள், வெள்ளிக்கிழமை ஒருவரும் இல்லை. அங்கேயே மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசி, ஒருவர் வெள்ளிக்கு மாற்றிக்கொண்டார். கூடுதலாக ஒரு ராண்டு செலவில்லை.

இன்னொன்று, சிவப்புக் கோடுகளில் பாதிக்கு மேல், அன்றைய கூட்டத்துக்கு யாரும் அழைக்காத ஒருவரிடம் போய் முடிந்தன. பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே, தின்பண்டம் விற்கும் சின்னக் கடை, அதாவது டக்‌ஷாப் நடத்துகிற ஓர் அக்கா. எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் இல்லை, எந்த அறிக்கையிலும் பெயர் இல்லை. எந்தப் பிள்ளை பசியோடு வருகிறது, எந்த வீட்டில் அப்பா குடித்துவிட்டுக் கதவை உடைக்கிறார் என்பதெல்லாம் அவரிடம்தான் முதலில் வந்து சேர்கிறது. மாதர் சங்கத்துக்கும் பள்ளிக்கும் நடுவே வேறு வழியே இல்லை, அவர் வழியாகத்தான் சேதி போகிறது. இப்படி இரண்டு பக்கத்துக்கும் இடையில் நிற்பவரைக் கணக்கிட்டுக் கண்டுபிடிக்கும் முறையை லின்டன் ஃபிரீமன் என்பவர் 1977-இல் வகுத்தார். அந்த அக்காவுக்கு அதெல்லாம் தெரியாது. “எல்லாரும் ரொட்டி வாங்க வர்றாங்க, பேசிட்டுப் போறாங்க” என்றார்.

இப்போது கையில் பென்சில் இருந்தால் எடுங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் மனசிலேயே போட்டுக்கொள்ளலாம். நடுவில் உங்கள் அமைப்பு, ஒரு புள்ளி. சுற்றிலும் நீங்கள் உதவுகிற குழுக்கள், மொத்தம் இருபது என்று வையுங்கள். நடுப் புள்ளியிலிருந்து இருபதுக்கும் கோடு. பார்க்க அழகாக இருக்கும். ஆண்டறிக்கை அட்டையில் போடச் சொல்வார்கள். நிறையப் பேர் இதைத்தான் வெற்றி என்று நிதி கொடுப்பவரிடம் கொண்டுபோய்க் காட்டுகிறார்கள்.

இனி அந்த நடுப் புள்ளியை அழித்துவிடுங்கள். மீதி என்ன? ஒன்றோடொன்று பேசாத இருபது புள்ளிகள். உங்கள் மானியம் நின்றால், உங்கள் தலைவர் உடம்பு சரியில்லாமல் படுத்தால், மறுநாள் ஊரில் இருப்பது இதுதான். இருபது குழுக்களுக்குள் 190 ஜோடிகள் சாத்தியம். அதில் நீங்கள் வருவதற்கு முன் எத்தனை ஜோடி கைகோத்திருந்தது, இரண்டு மூன்று வருடம் கழித்து எத்தனை என்பதுதான் நான் பார்க்கிற கணக்கு. உங்கள் கோடுகளை நான் அதில் சேர்ப்பதே இல்லை. இதைச் சொன்னால் சில தலைவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். தாங்கள் நடுவில் இருப்பதற்காகவே அமைப்பு நடத்துகிறவர்களும் உண்டு, அதை நாம் மறைக்க வேண்டாம்.

அதற்காக 190-ம் நிரம்ப வேண்டும் என்று அர்த்தம் இல்லை. எல்லாரும் எல்லாரோடும் கூட்டம் போட்டால் சமைப்பது யார்? கோடுகள் எங்கே விழுகின்றன என்பதுதான் முக்கியம்.

இந்த நாட்டில் அது வெறும் கணக்கு விஷயம் இல்லை. எந்த இனத்தவர் எந்தப் பகுதியில் வாழலாம் என்று பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டம் மனிதர்களை மட்டும் இடம் மாற்றவில்லை. டர்பன் மாநகராட்சித் தொழிலாளர்கள் வாழ்ந்த மேகசின் பாரக்ஸ், அதில் தமிழர்கள் ஏராளம், 1960-களில் காலியாகிச் சாட்ஸ்வொர்த்துக்குப் போனபோது, எதிர் வீட்டில் அரிசி கடன் வாங்கிய உறவுகளும் சிதறின. கோயிலையும் சங்கத்தையும் மறுபடி கட்டினார்கள். ஆனால் சட்டம் போட்ட எல்லைக்குள்ளேயேதான் கட்ட முடிந்தது.

2021 ஜூலையில் கலவரமும் கடைக் கொள்ளையும் வெடித்தபோது அந்த எல்லை எப்படி வேலை செய்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஃபீனிக்ஸில் சில மணி நேரத்தில் தெருவுக்குத் தெரு குழு கூடியது, காவல் நின்றது, பால், ரொட்டி பங்கிட்டார்கள். உள்ளே அவ்வளவு அடர்த்தி. ஆனால் ஒட்டியே இருக்கும், ஆப்பிரிக்க மக்கள் வாழும் பாம்பாயி, அமாவோட்டி, இனாண்டா பக்கம் போன் போட்டு, “என்ன நடக்கிறது, உங்கள் ஆட்கள் இந்த வழியாக வருகிறார்களா” என்று கேட்க எத்தனை பேருக்கு ஒரு நம்பர் இருந்தது? ஃபீனிக்ஸில் 36 பேர் செத்தார்கள், பெரும்பாலோர் ஆப்பிரிக்க மக்கள். காரணங்கள் பல, குற்றம் செய்தவர்களை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். வலைப்பின்னல் கண்ணால் பார்க்கிற எனக்கு ஒன்று தெரிகிறது. உள்கோடுகள் எவ்வளவு இருந்தாலும், வெளியே போகும் கோடு இல்லாத இடத்தில் வதந்திதான் பயணம் செய்யும்.

இதற்கு எதிர்ப்பக்க உதாரணமும் நம் நாட்டிலேயே இருக்கிறது. 2020-இல் பொதுமுடக்கம் வந்தபோது கேப் டவுனில் அக்கம்பக்கக் குழுக்கள் கிளம்பின. வசதியான சீ பாயிண்ட் பகுதிக் குழுவும், ஆப்பிரிக்க மக்கள் வாழும் ஏழைப் பகுதியான கூகுலெட்டுவின் குழுவும் ஜோடி சேர்ந்தன. வரைந்தால் அது ஒரே ஒரு கோடுதான். ஆனால் நூறு உள்கோடுகளைவிட அதற்கு நான் அதிக மதிப்பெண் போடுவேன். தமிழ்ச் சங்கம் இன்னொரு தமிழ்ச் சங்கத்தோடு விழா நடத்துவது நல்லதுதான், அதைச் சமூகத் தாக்கம் என்று எழுதும்போதுதான் எனக்குக் கை கூசுகிறது.

படத்தைக் காட்டி ஏமாற்றுவதும் எளிது, அதையும் சொல்லிவிடுகிறேன். 2021-இல் ஒரு முறை வரைகிறீர்கள், 2023-இல் மறுபடி. கோடுகள் இரண்டு மடங்கு. எங்கள் திட்டத்தால் வந்தது என்று எழுதிவிடலாமா? நடுவில் 2022 ஏப்ரல் வெள்ளம் வந்ததே. குவாசூலு-நட்டாலில் 400 பேருக்கு மேல் பலிவாங்கிய வெள்ளம், எந்தத் திட்டமும் இல்லாமலேயே எல்லாரையும் ஒன்றாகத் தண்ணீர் டேங்கர் பின்னால் நிற்கவைத்தது. அதனால் ஒவ்வொரு கோட்டுக்கும் கூடவே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பழக்கம் எப்படி ஆரம்பித்தது? உங்கள் பயிற்சிக் கூட்டத்தில் சந்தித்தோம் என்றால் அது உங்கள் கணக்கு. வெள்ளத்தில் என்றால் இல்லை. ஒரு பக்கம் மட்டும் சொன்ன உறவை உறுதியான கோடாகப் போடாதீர்கள். பெரிய அமைப்போடு சேர்ந்து வேலை செய்கிறோம் என்று சின்னக் குழு சொல்லும், பெரிய அமைப்புக்கு இவர்கள் பெயரே ஞாபகம் இருக்காது.

பதில் தராதவர்களால் வரும் கோளாறும் சாதாரணக் கருத்துக்கணிப்பைவிட இதில் அதிகம். நூறில் பத்துப் பேர் விட்டுப்போனால் பரவாயில்லை என்று இங்கே சொல்ல முடியாது. விட்டுப்போன ஒருவர் அந்த டக்‌ஷாப் அக்காவாக இருந்தால் படமே தப்பு.

பெயர் கேட்காமல் இந்த ஆய்வு நடக்காது, அதனால் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை, போப்பியா என்கிறோமே அதை, மறக்கக் கூடாது. எதற்குக் கேட்கிறோம், யார் பார்ப்பார்கள் என்று முதலிலேயே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். வெளியே காட்டும் படத்தில் பெயருக்குப் பதில் எண் போடுங்கள். அதுவும் போதாத இடம் உண்டு: மூலையில் தனியாக நிற்கும் புள்ளி யார் என்று ஊரில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அடிபட்ட பெண்களுக்குப் புகலிடம் தருகிறவர்களின் கோடுகளை நான் எந்தப் படத்திலும் வைப்பதில்லை. யார் அங்கே போகிறார்கள் என்று கணவன்மார்கள் தேடுகிற வழியாக அது ஆகிவிடும்.

கருவி பற்றிக் கேட்பீர்கள். கெஃபி என்ற மென்பொருள் இலவசம். எக்செல் பழகியவர்களுக்கு நோட்எக்ஸ்எல் இருக்கிறது. இருபது முப்பது குழுக்கள் என்றால் தாளும் பேனாவுமே போதும், அதுதான் எனக்குப் பிடித்ததும்கூட, ஏனென்றால் மேசையைச் சுற்றி நிற்கும்போதே பாதி வேலை நடந்துவிடுகிறது. அடுத்த பொதுக்குழுவுக்கு முன் ஒரு சனிக்கிழமை போதும். இரண்டு வருடம் கழித்து அதே பட்டியல், அதே கேள்விகள். நடுவில் கேள்வியை மாற்றினால் ஒப்பிடவே முடியாது. அப்புறம், கேள்வித்தாளை ஜூலுவிலும் அச்சடியுங்கள், சாலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களையும் மேசைக்குக் கூப்பிடுங்கள். அவர்கள் வராத நாளில் வரைந்த படத்தை வெளிக்கோடுகள் இல்லை என்பதற்குச் சாட்சியாகக் கொண்டுவராதீர்கள். கேட்டதற்கு நன்றி. வணக்கம்.