அப்பாயி சொல்லச் சொல்ல

நேயர்களுக்கு வணக்கம். இன்று என் அப்பாயியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மன்னார்குடிப் பக்கம் பிறந்தவர். சிங்கப்பூரில் செம்பவாங்கிலும் யீஷூனிலும் வாழ்ந்து முடித்தவர். பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. ஆனால் மாதம் ஒரு கடிதம் ஊரில் இருக்கும் தம்பிக்குப் போயாக வேண்டும்.

1958-இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார், நான்கு வயது அப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு. கப்பல் கரைக்கு வராது, கடலுக்குள் தள்ளி நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். அந்தப் படகு ஆடிய ஆட்டத்தில் ஒரு தூக்குச்சட்டி மாவடு கடலோடு போய்விட்டதாம். ஐம்பது வருஷம் கழித்தும் அந்த மாவடுவுக்காக அங்கலாய்ப்பார். ஊரை விட்டு வந்ததற்காக ஒருநாளும் அங்கலாய்த்ததில்லை.

தாத்தாவுக்குக் கடற்படைத் தளத்தில் வேலை, அங்கேயே குடியிருப்பு. பிரிட்டிஷ்காரர்கள் 1971-க்குள் படையை விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்ததும் செம்பவாங்கில் எல்லா வீட்டிலும் அதே பேச்சு. தாத்தாவுக்கும் வேலை போனது. அப்பாயி மாவாட்டி விற்றார். அப்பாவும் அத்தையும் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அப்போதெல்லாம் அப்பாதான் கடிதம் எழுதுவார். அந்த மாதம் அப்பாயி சொன்னது இது: “வேலை ரொம்பக் கடுமை. நான்தான் அவங்களை வீட்டோட இருக்கச் சொல்லிட்டேன்.” பதினேழு வயதுப் பையன் தலை நிமிராமல் எழுதியிருக்கிறார்.

அப்புறம் பேனா என் கைக்கு வந்தது. 1990, எனக்குப் பத்து வயது, யீஷூன் வீடு. அப்பாயி தரையில் உட்கார்ந்து கீரை ஆய்வார். நான் நீலநிற வான்கடிதத்தை விரித்துவைத்து, கேட்காமலே ‘நலம், நலமறிய ஆவல்’ போட்டுவிடுவேன். “இன்னும் எவ்வளவு இடம் இருக்கு?” என்று அடிக்கடி எட்டிப் பார்ப்பார். நிறைய எழுதினாலும் கொஞ்சம் எழுதினாலும் தபால் காசு ஒன்றுதானே, ஓர் அங்குலம் வெறுமனே போகக்கூடாது. கடைசி ஓரத்தில் பசுமாட்டுக்கும் ஒரு விசாரிப்பு. அந்த மாடு செத்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும் என்பது என் கணக்கு.

தாத்தா 1993-இல் இறந்தார். செய்தி தொலைபேசியில் போய்விட்டது. அடுத்த கடிதத்துக்கு உட்கார்ந்தோம். பங்குனி உத்திரத்துக்குப் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோயிலில் கூட்டம், மழை, என் பரீட்சை என்று சொல்லிக்கொண்டே வந்தவர், “இப்பல்லாம் கோப்பி ஒரு குவளைதான் போடுறேன்” என்றார். எழுதினேன். கொஞ்ச நேரம் கழித்து, “அதை அடிச்சுடு” என்றார். ஒற்றைக் கோடுதான் போட்டேன். எழுத்து தெரியட்டும் என்று வேண்டுமென்றே.

அடுத்த வருஷம் முட்டிவலி. எங்கள் புளோக்கில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. தேக்கா சந்தைக்குப் போய்வந்த நாளில் இரண்டு மாடி ஏறி வந்தவர், பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். அன்று சாயங்காலம் கடிதத்தில், “நான் நல்லா நடமாடிக்கிட்டு இருக்கேன்.” சரி என்று எழுதினேன். கீரையைக் கழுவ அவர் எழுந்து போனதும், மடிப்பின் உள்பக்கம் பொடி எழுத்தில், ‘அப்பாயிக்கு முட்டி வலி. படி ஏற முடியவில்லை’ என்று எழுதி, பசையை நக்கி ஒட்டிவிட்டேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஊரிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் பழைய பாட்டிலில் தைலம் கொண்டுவந்து கொடுத்தார். வாயில் மெழுகுத்துணி கட்டி, நூல் சுற்றி. “தம்பி குடுத்துவிட்டாங்க, முட்டிக்குத் தேய்க்கணுமாம்.”

அப்பாயி நூலை அவிழ்த்து மோந்து பார்த்தார். என்னை ஒருதரம் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. சேலையை முழங்கால் வரை ஏற்றிவிட்டு, பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.